முழங்கையில் கறை

வெள்ளைத் துண்டை நான்காக மடித்து மேசையில் பரப்பி, கறை பட்ட துணியை அதன்மேல் குப்புறக் கவிழ்த்தன அந்தக் கைகள். கறையைப் பின்பக்கத்திலிருந்துதான் தள்ள வேண்டும். வந்த வழியே அது திரும்பிப் போக வேண்டும். முன்பக்கத்தில் தேய்த்தால் நூலுக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சு, வெளி விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி வந்தது. பட்டாணி அளவிலிருந்த ஆரஞ்சு நிறம் மிளகளவாகி, கடுகளவாகி, அடியிலிருந்த துண்டுக்கு இறங்கிவிட்டது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அது குழந்தைக்குச் சாப்பாட்டு நேரத்தில் கட்டுகிற கழுத்துத்துணி. மசித்த காரட் ஒரே ஒரு சொட்டு, மோவாய்க்கு நேர் கீழே விழுந்திருந்தது. அதைத் தவிர அந்தத் துணியில் வேறு எதுவும் இல்லை.

அந்தச் சலவைக்கடையில் அவளுக்குக் கறையக்கா என்று பெயர். பதினேழு வருஷமாகக் கடையின் பின்கோடியில், ஜன்னலை ஒட்டிய மேசைதான் அவள் இடம். ரத்தம், மை, துரு, தேநீர், உதட்டுச்சாயம் எல்லாம் அவளிடம்தான் வரும். ஒரு சட்டையைப் பார்த்தாலே அதன் சொந்தக்காரர் எந்தக் கையால் எழுதுகிறவர், சாப்பிடும்போது பேசுகிறவரா என்று சொல்லிவிடுவாள். என்ன செய்தும் போகாத கறை என்றால், 'போகவில்லை' என்று எழுதிய சிறு சீட்டைத் துணியில் குத்தி அனுப்புவது கடையின் வழக்கம். வருஷத்துக்கு நாலைந்து சீட்டுக்கு மேல் அவள் குத்தியதில்லை.

கடையின் முன்பகுதியில், துணி மடிக்கும் மேசைக்குப் பக்கத்தில், ஒரு பெரிய துணிக்கூடைக்குள் மெத்தை போட்டு அவள் தங்கையின் குழந்தை கிடந்தது. எல்லோரும் அதைப் பூச்சி என்று கூப்பிட்டார்கள். பிறந்தபோது அவ்வளவு சின்னது. கறை எடுக்கும் மருந்தின் நெடி அண்டாத இடத்தில்தான் குழந்தை இருக்க வேண்டும் என்பது மட்டுமே முதலாளியம்மா போட்ட நிபந்தனை. கறையக்கா மணிக்கு ஒரு தடவை கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போவாள். இடையில் கூடைக்குக் காவல், இஸ்திரி அண்ணன். ஐம்பத்தைந்து வயதுக்காரர். நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடியை விட்டுவிட்டு வேறு எதையாவது பிடித்தால் அது பேச்சாகத்தான் இருக்கும்.

தங்கை இறந்தபோது பூச்சிக்கு எழுபது நாள். இதயத்தில் ஏதோ ஒரு வால்வு என்றார்கள். இருபத்தொன்பது வருஷம் யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருந்த வால்வு. அக்காவுக்கும் தங்கைக்கும் பதினோரு வயது வித்தியாசம். அம்மா வேலைக்குப் போய்விடுகிற வீட்டில், தங்கைக்கு ஏழு வயது வரை வாயில் ஊட்டியவள் இவள்தான். பிறகு இவளுக்குக் கல்யாணம் ஆகி, ஆறே வருஷத்தில் அது பழைய பொத்தான் மாதிரி தானாகக் கழன்று விழுந்தது. பிள்ளை இல்லை. ஆகவே தங்கையின் குழந்தை யாரிடம் போவது என்ற கேள்வியே அன்றைக்கு எழவில்லை. குழந்தையின் அப்பா லாரி ஓட்டுகிறவர். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து ஒரு பகல் இருந்துவிட்டுப் போவார். மனைவி கூப்பிட்டதுபோலவே அவரும் இவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். தூக்கக் கை நீட்டினால், பூச்சி பெரியம்மாவின் சட்டைக் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். விரல் விரலாகப் பிரித்தெடுத்துத்தான் அவரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு விரலைப் பிரித்தால் இன்னொன்று போய் ஒட்டிக்கொள்ளும்.

பூச்சிக்கு ஐந்து மாதம் நடக்கும்போது அவர் ஒரு செய்தியோடு வந்தார். எட்டு மணிநேரப் பயணத்தில் உள்ள ஒரு துறைமுக ஊரில், கிடங்குப் பொறுப்பாளர் வேலை கிடைத்திருக்கிறது. ஆறு மாதம் கழித்துச் சேர வேண்டும். அப்புறம் லாரி இல்லை. தினமும் சாயங்காலம் வீடு. கிடங்குக்குப் பக்கத்திலேயே குழந்தைகள் காப்பகம். பதினோரு மாதம் முடிந்த குழந்தைகளைச் சேர்த்துக்கொள்வார்கள். தன் பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது? கறையக்கா, நல்லதுதானே தம்பி என்றாள்.

காப்பகத்துக்காரம்மாள் போனில் பேசியபோது ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்.

"நாங்க ரெண்டு பேரு, புள்ளைங்க பன்னெண்டு. ஊட்டிவிட எங்களுக்குக் கை கிடையாதும்மா. தட்டுல வச்சா அதுவே எடுத்துத் திங்கணும். பழக்கி அனுப்புங்க. இல்லேன்னா அடுத்த சேர்க்கை ஆறு மாசம் கழிச்சுத்தான்."

ஆறு மாதத்திலிருந்து குழந்தையை நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதிலேயே, உப்பு சேர்க்கும் முன், மெத்தென்று வெந்ததை விரல் நீளத்துக்கு நறுக்கி முன்னால் வைக்க வேண்டும். எடுக்கட்டும், பிசையட்டும், கீழே போடட்டும். யாரும் வாயில் திணிக்கக் கூடாது. அந்த அம்மாள் சொல்லச் சொல்ல, கறையக்கா ஒரு ரசீதின் பின்பக்கத்தில் பிழையில்லாமல் எழுதிக்கொண்டாள். எழுதியதைச் சமையலறைச் சுவரில் ஒட்டியும் வைத்தாள்.

ஆனால் ஆறாம் மாதம் வந்ததும் அவள் கையில் எடுத்தது ஸ்பூனை.

காரட்டை வேகவைத்து, மசித்து, வடிகட்டி, ஸ்பூனில் முக்கால் அளவு எடுப்பாள். பூச்சியின் வாய் திறக்கும். உள்ளே போனதும் ஸ்பூனின் விளிம்பால் உதட்டோரத்தை ஒரு வழி வழித்து, அதையும் உள்ளே தள்ளிவிடுவாள். சிந்துவது என்ற பேச்சே இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் சிந்தியதைத் துடைக்கிறவளுக்குச் சொந்த வீட்டில் ஒரு சொட்டு சிந்தினாலும் பொறுக்காது என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். காரணம் அது இல்லை. ஸ்பூன் நெருங்கும்போது அந்தச் சின்ன வாய் தானாகத் திறந்தது. கண்கள் ஸ்பூனைப் பார்க்காமல் இவள் முகத்தையே பார்த்தன. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இன்னொரு வாய் இப்படித்தான் திறந்தது. இந்தப் பழக்கத்தை விட்டால் பதினோராம் மாதக் கடைசியில் பூச்சி போய்விடும். விடாவிட்டால் இன்னும் ஆறு மாதம். யாரையும் எதிர்க்க வேண்டாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம். ஸ்பூனைக் கீழே வைக்காமல் இருந்தால் போதும்.

எட்டாம் மாதத்தில், குழந்தை தானாகச் சாப்பிடுகிற போட்டோ ஒன்று அனுப்பச் சொல்லி அப்பா கேட்டார். காப்பகத்தில் காட்டவாம். கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கறையக்கா ஒரு வெந்த காரட் துண்டைப் பூச்சியின் கையில் கொடுத்து, அது வாய்க்குப் போகும் நொடியில் படம் எடுத்தாள். எடுத்ததும் காரட்டை வாங்கிவிட்டாள். வெறும் கையைப் பூச்சி திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு உதடு பிதுங்க அழுதது. அவள் ஸ்பூனால் சமாதானம் செய்தாள்.

அன்று சாயங்காலம் இஸ்திரி அண்ணனிடம் அந்தப் படத்தைக் காட்டியது அவளே. பெருமைக்குத்தான் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"காரட்டு கையில இருக்கு. கறை எங்கேம்மா?"

"தொடச்சுட்டேன்."

"உன்கிட்டப் போயி கறையைப் பத்திப் பேசுறேன் பாரு, கொல்லன் தெருவுல ஊசி விக்கிற மாதிரி. இருந்தாலும் சொல்றேன். தானா திங்கிற புள்ளைக்குக் கறை முழங்கையில இருக்கும். காது மடல்ல இருக்கும். உட்கார்ற எடத்துல இருக்கும். மோவாய்க்குக் கீழ ஒத்தைச் சொட்டுன்னா அது ஸ்பூன் சொட்டு. ரெண்டு மாசமா உங்க வீட்டுத் துணியை நான்தானே தேய்க்கிறேன்."

"உங்க பெட்டி சூடேறிக்கிட்டு இருக்கு, அதைப் பாருங்கண்ணே."

"பெட்டி அணைஞ்சுதான் இருக்கு." அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஸ்பூனை விட்டா புள்ளை போயிரும்னு பயம். அதானே?"

அவள் போனை வாங்கிக்கொண்டு தன் மேசைக்குப் போய்விட்டாள். அதற்கடுத்த நாலு நாளும் பேசவில்லை. கறை எடுத்த சட்டைகளை அவர் பக்கம் மேசையோடு மேசையாகத் தள்ளிவிட்டுத் திரும்பிவிடுவாள். அவரும் விடாமல், யாரிடமோ சொல்வதுபோல, இந்தக் கடையில் துணிக்குத்தான் வெள்ளாவி என்று நினைத்திருந்தேன், பிள்ளையின் வாய்க்குமா என்று இஸ்திரிப் பலகையிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாளிலிருந்து பூச்சி வாயைத் திறக்கவில்லை. ஸ்பூன் வந்தால் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு தலையைத் திருப்பும். மேலும் நெருங்கினால் கையால் தட்டிவிடும். பாட்டுப் பாடிப் பார்த்தாள், ஜன்னலைக் காட்டிப் பார்த்தாள், வாயைக் குவித்து ஊதிப் பார்த்தாள். பால் மட்டும் உள்ளே போயிற்று. மாதாந்திர எடை பார்க்கும் நாளில் மருத்துவமனை நர்ஸ் தராசின் எண்ணை இரண்டு தடவை பார்த்தாள். போன மாதம் இருந்த அதே எடை. வீட்டில் நீங்கள் சாப்பிடுவதில் ஒரு துண்டைக் கையில் கொடுக்கிறீர்களா என்று நர்ஸ் கேட்டாள். கொடுக்கிறேன் என்றாள் கறையக்கா. சொல்லி முடித்ததும், இது இரண்டாவது பொய் என்று அவளுக்கே கணக்கு வந்தது.

கடைக்குத் திரும்பியபோது மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. மடிக்கும் மேசையில், பூச்சியை மடியில் வைத்துக்கொண்டு, தன் சாப்பாட்டைத் திறந்தாள். வேகவைத்த உருளைக்கிழங்கு, பீன்ஸ், இரண்டு துண்டு ரொட்டி. அவளுக்கு இறங்கவில்லை. தராசின் எண்ணையே நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஏதோ அசைந்தது. திரும்பிப் பார்த்தால், தட்டிலிருந்து ஒரு கிழங்குத் துண்டு பூச்சியின் பிடிக்குள் போயிருந்தது. பாதி விரலிடுக்கில் பிதுங்கிற்று, மீதி வாய்க்குப் போயிற்று. ஸ்பூனைத் தட்டிவிட்ட அதே வாய் மென்றுகொண்டிருந்தது. இரண்டே பல்லும் ஈறும்தான், ஆனாலும் முழு வேலையாக மென்றது.

எடுத்தது இடது கை.

தங்கை இடதுகைக்காரி. ஏழு வயதுக்குப் பிறகு தானாகச் சாப்பிடத் தொடங்கியபோது, வேண்டுமென்றே அக்காவின் வலப்பக்கம் வந்து உட்காருவாள். இவளுடைய வலது முழங்கையும் அவளுடைய இடது முழங்கையும் ஒவ்வொரு வாய்க்கும் இடித்துக்கொள்ளும். தள்ளி உட்காருடி என்றால் இன்னும் நெருங்கி உட்காருவாள். இவள் கல்யாணத்துக்கு முந்தின நாள்வரை அந்த இடி நிற்கவில்லை. ஒன்பது மாதக் குழந்தைக்கு எந்தக் கை என்பது இன்னும் தீர்மானமாகாது என்று நர்ஸ் பின்னால் ஒருநாள் சொன்னாள். இருக்கலாம். ஆனால் கறையக்காவுக்கு அன்றைக்கு வேறொன்று தோன்றியது. மூன்று மாதமாக ஸ்பூனைப் பிடித்திருந்ததில், இந்தக் குழந்தையின் கையையே அவள் பார்க்கவில்லை.

கழுத்துத்துணி கட்டியிருக்கவில்லை. சட்டைக்கைக்குள் கிழங்கு வழிந்தது. அவள் துடைக்கவில்லை. இன்னொரு துண்டைத் தட்டின் விளிம்புக்கு நகர்த்தி வைத்தாள். இஸ்திரிப் பலகையின் பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பேசக் கூடாத நேரத்தில் பேசாமலிருக்கவும் அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

சாயங்காலம் அவள் போன் செய்து, தம்பி, நான் அனுப்பிய போட்டோ பொய் என்று சொன்னாள். ஏன் என்பதையும் சொன்னாள். மறுமுனையில் லாரியின் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அது நின்றது. வண்டியை ஓரம் கட்டியிருக்க வேண்டும்.

"இன்னிக்குச் சாப்பிட்டாளாக்கா?"

"சாப்பிட்டா. அவளே எடுத்து."

"சரிக்கா," என்றார். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பதினோராம் மாதக் கடைசிக்கு ஒன்பது வாரம் இருந்தது. ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாக விட அவளுக்குத் தெரியாது. இதையும் அப்படித்தான் எடுத்தாள். காரட்டைத் தன் சுட்டுவிரல் நீளத்துக்கு நறுக்கினாள். இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினால் நசுங்கும் வரை வேகவைத்தாள். வாழைப்பழம் வழுக்கி வழுக்கி விழுந்ததால், அடியில் கொஞ்சம் தோலை விட்டு, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி மாதிரி செய்துகொடுத்தாள். திராட்சையை நீளவாக்கில் நான்காக அரிந்தாள். தனக்கும் அதையே வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மூன்றாம் நாள் பீன்ஸ் தொண்டைவரை போய், பூச்சி முகம் சிவந்து ஓக்களித்தது. கறையக்கா பாய்ந்து எழுந்தாள். சத்தமாக இருமுகிற வரைக்கும் விடுங்கள், அது தானே வெளியே தள்ளிவிடும், சத்தமே இல்லாமல் திணறினால்தான் கையைப் போட வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். பூச்சி இருமித் துப்பிவிட்டு, துப்பியதையே திரும்ப எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் கறையக்கா தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். தன் சாப்பாட்டைப் பிறகு சாப்பிட்டாள். எதிரில் ஒரு துண்டு நழுவும்போதெல்லாம் அடியில் விரல்கள் துடிக்கும்.

கறைகள் வந்தன. பீட்ரூட் மார்பில், முட்டை மஞ்சள் காலரில், பூசணி முதுகில். முதுகுக்கு எப்படிப் போயிற்று என்பது பதினேழு வருஷ அனுபவத்துக்கும் பிடிபடவில்லை. முட்டைக்குக் குளிர்ந்த நீர், காரட்டுக்கு வெயில், பீட்ரூட்டை அன்றன்றைக்கே அலச வேண்டும். வாழைப்பழம் மட்டும் ஒன்றுக்கும் மசியாமல் கறுத்து நின்றது. ஒருநாள் பூச்சியின் சட்டை இஸ்திரிப் பலகைக்கு வந்தபோது, இடது முழங்கையில் துவைத்தும் போகாத ஒரு மங்கல் இருந்தது. இஸ்திரி அண்ணன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இது கறை," என்றார், நகைக்கடைக்காரர் கல்லைச் சொல்வதுபோல. அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே பின்கட்டுக்குப் போனவள் திரும்பி வர நேரமாயிற்று.

பத்தாம் மாத முடிவில் பூச்சி பட்டாணியைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் எடுத்தது. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, பாதி குடித்து, பாதியில் குளித்தது. எடை ஏறியது. நர்ஸ் எண்ணை ஒரே தடவை பார்த்தாள். எல்லாம் சரியாக நடந்தது. ஒன்றை மட்டும் கறையக்கா யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிடும்போது பூச்சி இப்போது அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. தட்டைப் பார்த்தது. அடுத்த துண்டு எங்கே என்று பார்த்தது. ஒரு வாய் திறப்பதைப் பார்க்க அவள் அதன் எதிரில் இருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிருந்தது.

அப்பா வந்தது ஒரு புதன்கிழமை. நண்பரின் வேன் கடை வாசலில் நின்றது. கிளம்புவதற்கு முன் சாப்பிடட்டும் என்று கறையக்கா மடிக்கும் மேசையை ஒட்டிப் பூச்சியை உட்காரவைத்து, நாற்காலியோடு சேர்த்துத் துண்டால் கட்டி, தட்டை வைத்தாள். உருளைக்கிழங்கு, முட்டை, ரொட்டி, கனிந்த பேரிக்காய். கடையில் ஐந்து பேரும் அவரவர் வேலையைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டு அதைத்தான் பார்த்தார்கள். அப்பா சுவரில் சாய்ந்துகொண்டிருந்தார். குழந்தை ஒரு கிழங்கை எடுத்துக் கடித்து, மீதியை நிதானமாகப் பார்த்து, மறுபடி வாயில் வைத்தபோது அவர் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அவளும் இந்தக் கையிலதான்க்கா..."

"ஆமா தம்பி. மேசையில உட்கார்ந்தா உங்க வலது பக்கம் உட்கார வச்சுக்குங்க. இடிக்கும். இடிச்சா இடிக்கட்டும்."

பையில் ஏழு கழுத்துத்துணிகள் இருந்தன. ஆறு, கடையிலிருந்து போகும் எந்தத் துணியையும் போல மொடமொடவென்று வெளுத்திருந்தன. ஏழாவதில் வாழைப்பழக் கறையும், அதன் ஓரத்தில் கடையின் சீட்டும் இருந்தன. 'போகவில்லை.' அதை அவர் ஊருக்குப் போய்த்தான் பார்ப்பார். இஸ்திரி அண்ணன் பையை வாங்கி வேனில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் அங்கேயே நின்றார்.

கறையக்கா ஈரத்துணியால் பூச்சியின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். வெளியிலிருந்து உள்நோக்கி, ஒற்றி ஒற்றி. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தாள். மறுபக்கத்திலிருந்து அவர் கை நீட்டினார். பூச்சியின் இரண்டு கையும் அவள் சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டன. பழைய பிடி.

அவள் விரல்களைப் பிரிக்கவில்லை. மேசைப் பக்கம் திரும்பி, தட்டில் மிச்சமிருந்த ரொட்டித் துண்டை எடுத்து இடது பக்கம் காட்டினாள். இடது கை சட்டையை விட்டுவிட்டு ரொட்டியை வாங்கியது. வலது கை விடவில்லை, இன்னும் இறுக்கியது. அவள் பேரிக்காய்த் துண்டை எடுத்தாள். பூச்சி அதைப் பார்த்தது, ரொட்டியைப் பார்த்தது, மறுபடி பேரிக்காயைப் பார்த்தது. வலது கையும் மெல்லத் திறந்தது.

இரண்டு கையும் நிறைந்த அந்த நொடியில், கவுண்டருக்கு மேலாக, அவள் குழந்தையை நீட்டினாள்.